"ஏனுங்கோவ்"ன்னு இழுத்துட்டா அது கோவைத் தமிழா?

அண்ணனுக்கு வணக்கம்,

நான் கோயமுத்தூர், பீளமேடு பக்கம். மூணு வருசமா சென்னைல வேலை. ஆபீஸ்ல நான் வாயத் தொறந்தாலே யாராச்சும் ஒருத்தர் "ஏனுங்கோவ்"ன்னு இழுத்து சவுண்ட் விடறாங்க. எல்லாம் சினிமா பாத்துக் கத்துக்கிட்டது. போன வாரம் ரூம்ல ஒரு மலையாளி ஃப்ரெண்டு 'பிராஞ்சியேட்டன்' படம் போட்டான். படம் பூராவும் திருச்சூர் பேச்சு, அவன் நிறுத்தி நிறுத்திப் பெருமையா விளக்கறான். எனக்குப் பொறாமையா இருந்துச்சு. நம்மூருக்கு ஏண்ணா இப்படி ஒரு காமெடிப் படம் இல்ல? 'சதிலீலாவதி' இருக்கேங்கறாங்க, அது நம்ம பேச்சைக் கொண்டாடுதா, ஓட்டுதா? நம்மூர்க்காரங்களே நடிச்சாத்தான் சரியா வருமா?

ர., சென்னை

தம்பி ர.,

கடைசிக் கேள்விக்கு மொதல்ல வந்துடறேன், அதுதான் ஈஸி. நம்மூர்க்காரங்களே நடிக்கணும்னு ஒண்ணும் இல்ல. 'சபாஷ் மீனா'ல (1958) ரிக்‌ஷாக்காரரா வந்து மெட்ராஸ் பாஷைல வெளுத்து வாங்கின சந்திரபாபு தூத்துக்குடிக்காரர். 'சதிலீலாவதி'ல கொங்குத் தமிழ் பேசின கமல் பரமக்குடி. ஊர்ப் பேச்சு காதுல ஏறணும், அவ்வளவுதான், பொறந்த ஊரு சர்டிபிகேட் எல்லாம் தேவையில்ல. கோவைல பொறந்து வளந்து, மைக் முன்னாடி போனதும் டிவி நியூஸ் மாதிரி பேசற எத்தனை பேர நானே பாத்திருக்கேன்.

ஆனா அந்தப் பேச்சு யார் வாய்ல வருதுன்னு பாருங்க, அங்கதான் சங்கதி இருக்கு. சந்திரபாபு ரிக்‌ஷாக்காரர். 'பார் மகளே பார்'ல (1963) சோ மெட்ராஸ் பாஷை பேசினாரு, அவரு அதுல மெக்கானிக். படிச்சவன், பணக்காரன், காதலிக்கறவன் எல்லாரும் எந்த ஊர்லயும் இல்லாத ஒரு தமிழ் பேசுவாங்க, ரிக்‌ஷாவும் கராஜும் மட்டும் ஊர்த் தமிழ் பேசும். அந்த மெட்ராஸ் பாஷை லேசுப்பட்டதும் இல்ல தம்பி, பேஜாரும் பேமானியும் நாஸ்தாவும் உருது வழியா வந்தது, நைனா தெலுங்கு, துட்டு டச்சுக்காரன் காசுப் பேரு, கஸ்மாலம் சமஸ்கிருதம். ஒரு துறைமுக ஊரோட மொத்த வரலாறும் ஒரு திட்டுக்குள்ள இருக்கு. ஆனா சினிமால அது வேலைக்காரன் பாஷையாவே ரொம்ப நாள் கெடந்துச்சு.

இந்திலயும் இதே கதைதான். 1965ல வந்த 'கும்நாம்' படத்துல மெஹ்மூத் தக்கினி, அதாவது ஹைதராபாத் உருது பேசுவாரு, அதுல அவருக்கு என்ன வேலை தெரியுமா, பட்லர். அப்படியே நாப்பது வருசம் தள்ளி வாங்க, 2006ல 'தி ஆங்ரேஸ்'னு ஒரு சின்னப் படம், ஹைதராபாத்லயே எடுத்தது. சார்மினார் பக்கம் டீயக் குடிச்சுக்கிட்டு வெட்டி நியாயம் பேசற ஒரு கும்பல், அதுக்குத் தலைவர் இஸ்மாயில் பாய். வாயத் தொறந்தா "நக்கோ" (வேண்டாம்), "ஹவ்" (ஆமா), "கைக்கு" (எதுக்கு)தான். அமெரிக்காலருந்து வேலைக்கு வந்த பசங்களோட இவங்களுக்குத் தகராறு, அந்தப் பசங்களுக்குத்தான் 'ஆங்ரேஸ்', அதாவது வெள்ளைக்காரன்னு பேரு. பாருங்க, கதை அப்படியே தலைகீழாத் திரும்பிருச்சு. சுத்தமா பேசறவன்தான் அங்க வெளியாளு. ஊர்க்காரன் பேச்சு வேடிக்கை கெடையாது, அதான் அங்க சாதாரணப் பேச்சு. கும்பலோட சவடால் ஒண்ணும் நடக்காதுங்கறதுதான் காமெடி. உங்க ஃப்ரெண்டு போட்ட பிராஞ்சியேட்டனும் (2010) அப்படித்தான், மம்மூட்டி அதுல பெரிய அரிசி வியாபாரி, காசுக்குக் கொறைவில்ல, ஆனா ஊர் வெச்ச 'அரிப் பிராஞ்சி'ங்கற பேரு போக மாட்டேங்குதேன்னு தவிக்கறாரு, பத்மஸ்ரீ கெடைச்சா போயிரும்னு நெனைக்கறாரு. அந்தத் தவிப்புக்குத்தான் நாம சிரிக்கறோம், திருச்சூர் பேச்சுக்கு இல்ல.

இப்ப 'சதிலீலாவதி' (1995). பாலு மகேந்திரா டைரக்‌ஷன், க்ரேஸி மோகன் வசனம். அதுல கமலுக்கு என்ன வேலை? டாக்டர். சக்திவேல் கவுண்டர், டாக்டர் சக்திவேல் கவுண்டர். டாக்டருக்குப் படிச்சும் பேச்ச மாத்திக்காத ஒரு ஆளு, அதுல அவருக்குக் கூச்சமும் இல்ல. கோவை சரளா சம்சாரம், ரெண்டு பேரும் பேசிக்கும்போது நம்ம வீட்டுத் திண்ணைல கேக்கற மாதிரி இருக்கும். ஃப்ரெண்டோட கள்ளக்காதலுக்கு முட்டுக் குடுக்கப் போய் அந்த மனுசன் மாட்டிக்கிட்டு முழிக்கறதுக்குத்தான் சிரிப்பு வருது. அதனால என் ஓட்டு, அது கொண்டாட்டம்தான். ஒரு கொறை உண்டு. கதைல மத்தவங்க யாரும் அப்படிப் பேசறதில்ல, இவங்க ரெண்டு பேரும் வந்துட்டுப் போற ஒறம்பரை மாதிரிதான் இருக்காங்க. ஊரே அதுல இல்ல.

உங்க ஆபீஸ்காரங்க பண்றது வேற. "ஏனுங்கோவ்"ன்னு எவன் பேசறான் கோயமுத்தூர்ல? நாம கடைசி 'க'வ முழுங்கறவங்க, "ஆமாங்", "சொல்லுங்", "வாரனுங்". அத அவங்க இழுத்து இழுத்து ரப்பர் பேண்டு ஆக்கிட்டாங்க. இதவிடப் பெரிய தப்பு என்னன்னா, அந்த 'ங்க'வ வெறும் பணிவுன்னு நெனைச்சுக்கறாங்க. கோவைக் குசும்பு இருக்கறதே அந்த 'ங்க'ல தானே. நான் காலேஜ் படிக்கையில காந்திபுரத்துலருந்து உக்கடம் போற டவுன் பஸ், செம கூட்டம், உள்ள எடம் இருந்தும் ஒருத்தர் படிலயே கம்பியப் புடிச்சுட்டு அசையாம நிக்கறாரு, எத்தனை தடவ சொல்லியும் கேக்கல. கண்டக்டர் கோவப்படல, டிக்கெட்ட எச்சில் தொட்டுக் கிழிச்சுக்கிட்டே ரொம்ப மரியாதையா கேட்டாரு: "ஏனுங்ணா, எறங்கறப்ப படிய வூட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல எங்களுக்கு வெச்சுட்டுப் போறீங்களா?" மூஞ்சில ஒரு சிரிப்பு இல்ல. பஸ்ஸே சிரிக்குது, அந்தாளு கம்முனு உள்ள போயிட்டாரு. இதுல எங்க அடிச்சாரு, எப்ப அடிச்சாருன்னு கண்டுபுடிக்க முடியாது, மரியாத ஒரு இம்மி கொறையல. இத மதுரைத் தமிழ்ல சொன்னா சண்டை, மெட்ராஸ் பாஷைல சொன்னா ரகள, நம்மூர்ல மட்டும் அது விசாரிப்பு. உடுமலைப் பக்கத்துலருந்து போன கவுண்டமணி, கதை எந்த ஊர்ல நடந்தாலும் இந்தக் குத்தலத்தான் கைல வெச்சிருந்தாரு, வார்த்தைல கொங்கு கம்மி, தாளம் பூரா கொங்கு.

அப்பறம் ஏன் முழுப் படம் வரலன்னு கேட்டீங்க. பொள்ளாச்சி தென்னந்தோப்பு, கோபிச்செட்டிபாளையம் வாய்க்கா, இதெல்லாம் கேமரா பாக்காத எடமா? நூத்துக்கணக்குல ஷூட்டிங் நடந்திருக்கு. சீனரி மட்டும் எடுத்துட்டுப் போவாங்க, கோடம்பாக்கத்துல உக்காந்து டப்பிங்ல எல்லாருக்கும் ஒரே பொதுவான கிராமத் தமிழ ஊத்தி மூடிருவாங்க. ஹீரோயின் மும்பை, குரல் குடுக்கறது வேற ஆளு, அவங்ககிட்டப் போய் "பொடக்காளி"ன்னு சொல்லச் சொன்னா பாவம் என்ன பண்ணுவாங்க. அதோட, நம்ம சினிமா ஒரே சமயத்துல கன்னியாகுமரிக்கும் ஓசூருக்கும் புரிஞ்சாகணும்னு ஒரு பயம், 'போச்சாது'ன்னா என்னன்னு திருநெல்வேலில முழிப்பாங்களோன்னு. முழிச்சா என்ன? உங்க ஃப்ரெண்டு விளக்கினா நீங்க கேக்கலயா?

ஆபீஸ் விசயத்துக்கு என்கிட்ட வைத்தியம் இல்ல தம்பி, அடுத்த தடவ இழுத்தாங்கன்னா "ஏனுங், தொண்டைல ஏதாச்சும் அடைச்சுக்கிச்சுங்களா, சுடுதண்ணி கொண்டு வரட்டுங்களா"ன்னு அக்கறையா கேட்டுப் பாருங்க. சிரிச்சுடாதீங்க, அது முக்கியம்.

'சதிலீலாவதி' மொதத் தடவ டிவில போட்டப்ப நாங்க எங்க அமுச்சி, அதாவது அம்மாவோட அம்மா வீட்ல இருந்தோம். அமுச்சிக்கு அப்பவே கண்ணு மங்கல், டிவி பக்கமே வர மாட்டாங்க, பின்னாடி பொடக்காளில ஏதோ வேலையா இருந்தாங்க. கமலும் சரளாவும் பேச ஆரம்பிச்சு ரெண்டு நிமிசம் இருக்கும், உள்ளருந்து கொரல் வருது, "யாரு கண்ணு வந்திருக்கறது, உக்காரச் சொல்லு, இதோ வாரேன்"னு. நாங்க சிரிச்ச சிரிப்புல பதில் சொல்ல மறந்துட்டோம். எந்திரிச்சுப் போய்ப் பாத்தா அடுப்புல காபிக்குத் தண்ணி வெச்சு, ரெண்டு டம்ளரக் கழுவிக் கவுத்தி வெச்சிருக்காங்க.