பொறி நிறைகிறது, பாகல் ஏன் அழுகுகிறது?

கேள்வி: கிருஷ்ணகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, அதை ஒட்டி அரை ஏக்கரில் பந்தல் பாகல். மாவுக்குக் கட்டிய மீத்தைல் யூஜினால் பொறியில் தினமும் கைநிறைய ஈ விழுகிறது. ஆனாலும் பாகல் பிஞ்சு புழு வைத்துக் கொட்டுகிறது. விழுந்த ஈக்களும் இரண்டு மூன்று தினுசாகத் தெரிகின்றன. எல்லாம் ஒரே பழ ஈதானா? பொறியைக் கூட்டிக் கட்டட்டுமா?

பதில்: கூட்ட வேண்டாம். உங்கள் பாகலைக் குத்துவது பெரும்பாலும் வேறு ஈ. அது மீத்தைல் யூஜினால் வாசனைக்கு வராது.

ஒரு கைலென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், 10 மடங்கு காட்டுவது போதும். முதலில் முதுகைப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு மஞ்சள் கோடு இந்த ஈக்கள் எல்லாவற்றுக்கும் உண்டு. நடுமுதுகிலும் மூன்றாவதாக ஒரு மஞ்சள் கோடு ஓடினால் அது பூசணிக் குடும்பக் காய்களைக் குத்தும் ஈ, சூகோடாகஸ் குக்கர்பிட்டே. உடல் செம்பழுப்பு. இறக்கை நுனியில் பெரிய பழுப்புத் திட்டும், இறக்கையின் குறுக்கு நரம்பு ஒன்றின் மேல் மை தடவியது போல ஒரு கறையும் இருக்கும். நடுக்கோடு இருந்து அந்தக் கறை மட்டும் இல்லாத இன்னொரு இனமும் உண்டு. கவலை வேண்டாம், இரண்டுக்கும் ஒரே பொறிதான்.

உங்கள் மாம்பொறியில் விழுவதற்கு நடுக்கோடு இருக்காது. முதுகு கறுப்பாகவும், இறக்கையின் முன்விளிம்பில் மெல்லிய பழுப்புக் கரை அறாமல் நுனிவரை ஓடுவதாகவும் இருந்தால் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். கரை அறுந்து நுனியில் ஒரு பொட்டு மட்டும் இருந்தால் இரண்டில் ஒன்று: உடல் செம்பழுப்பு என்றால் சோனேட்டா, முதுகு கறுப்பு என்றால் கரெக்டா. சந்தேகம் தீரவில்லையா, முகத்தைத் திருப்பிப் பாருங்கள். சோனேட்டாவுக்கு இரண்டு தனித்தனிக் கறுப்புப் பொட்டுகள். கரெக்டாவுக்கு அவை அகலவாக்கில் நீண்டு, மீசை வைத்தது போல நடுவில் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்ளும். வயிற்றில் ஆங்கில ‘டி’ எழுத்துப் போலக் கறுப்புக் கோடு இருப்பதை வைத்துப் பலர் முடிவு கட்டுகிறார்கள். அது பல இனங்களுக்குப் பொது, நம்பாதீர்கள்.

சரி, மாவுக்கு இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதால் உங்கள் செலவு மாறப்போவதில்லை. மூன்றும் அதே பொறிக்குத்தான் வரும். நடுக்கோடு ஒன்றுதான் உங்களுக்குக் காசு.

பாகல் பந்தலில் க்யூ லூர் பொறி (நடுக்கோட்டு ஈயை இழுக்கும் வாசனைக் கட்டை வைத்தது) தனியாகக் கட்டுங்கள். மீத்தைல் யூஜினால் கட்டையையும் இதையும் ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம். இந்த இரண்டு பொறிக்கும் வருவது ஆண் ஈதான், காயைக் குத்துவது பெண். ஆகவே பொறி மட்டும் போதாது. புழு வைத்த காயை வரப்பில் வீசாமல் தினமும் பொறுக்கி, பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். பழைய துண்டறிக்கைகளில் கருவாட்டுத்தூள் பொறிக்கு டைக்குளோர்வாஸ் சேர்க்கச் சொல்லியிருக்கும். அந்த மருந்து 2020 முடிவோடு தடையாகிவிட்டது.

குற்றவாளியை உறுதி செய்ய ஒரே வழி காயிலிருந்தே ஈயை எடுப்பது. வாளியில் இரண்டு அங்குலம் மணல் போட்டு, மேலே நாலைந்து புழுக்காய் வைத்துத் துணியால் கட்டுங்கள். புழு மணலில் இறங்கிக் கூடாகி, பத்து நாளை ஒட்டி ஈ வெளிவரும். வந்த அன்றே கொன்றால் நிறம் ஏறியிருக்காது, ஏமாந்துபோவீர்கள். சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சு வைத்து மூன்று நாள் விட்டு, பிறகு பார்க்கலாம். அழுகலை மொய்க்கும் சிவப்புக் கண் பொடி ஈயை இதில் சேர்க்காதீர்கள், அது பின்னால் வருவது. நான்கு இறக்கையோடு மெல்லிய குளவி வந்தால் விட்டுவிடுங்கள், பழ ஈப் புழுவைத் தின்று வந்ததாக இருக்கும். நடுக்கோடு இல்லாத ஈ பாகலிலிருந்து வந்தால் மட்டும், நாலைந்தைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் போட்டு, காயும் தேதியும் எழுதி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.