வெள்ளை அடித்தும் விடியாத கூடம்

குன்னூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பழைய பங்களா ஒன்றை வாங்கிக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கூடம் 26 அடிக்கு 18 அடி. ஒரு நீளச் சுவரில் கல் கணப்பு (ஃபயர்ப்ளேஸ்), எதிர்ச் சுவரில் மூன்று ஜன்னல்கள். மேலே கறுத்துப்போன தேக்குப் பலகை சீலிங், கீழே சிவப்பு ஆக்சைடு தரை. இருட்டாக இருக்கிறதே என்று சுவர் முழுக்கத் தூய வெள்ளை எமல்ஷன் அடித்து, இரண்டு ட்யூப்லைட்டும் போட்டோம். இப்போது ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறது, ஆனால் இருட்டு போகவில்லை. கணப்புக்கு மேலே பழுப்புக் கறை வேறு திரும்பத் திரும்ப வருகிறது. சீலிங்கிற்கும் வெள்ளை அடித்துவிடலாமா? கணப்புக்கு மேல் டிவி மாட்டலாம் என்கிறார் என் கணவர். கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவதற்குள் முடிக்க வேண்டும்."

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். முதலில் அந்தக் கறையைப் பேசிவிடுவோம். அது தீராமல் எந்தச் சாயம் பூசினாலும் காசுக்குக் கேடு.

புகைபோக்கிக்குள் பல ஆண்டுக் கரியும் தாரும் படிந்திருக்கும். புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் இடத்தில், ஓட்டுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் தகடோ காரைப்பூச்சோ விட்டுப்போனால் மழைநீர் இறங்கும். அந்த நீர் தாரைக் கரைத்துக்கொண்டு சுவருக்குள் ஊறி, தேநீர்க் கறை போல வெளியே வரும். மேலே நான்கு கை எமல்ஷன் பூசினாலும் அடுத்த ஐப்பசி மழையில் மறுபடி எட்டிப்பார்க்கும். குன்னூரில் கனமழை வடகிழக்குப் பருவத்தில்தான். எனவே கூரை ஆளை ஏற்றித் தகட்டைச் சரிசெய்வது முதல் வேலை. புகைபோக்கி வாயில் தொப்பி இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள். பிறகு சுவர் காய இரண்டு மூன்று மாதம் விட வேண்டும். அதன் பின்னும் கறை ஊறினால் அந்தப் பகுதிப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையில் புதிதாகப் பூச வேண்டும். அவசரம் என்றால் அரக்கு கலந்த ப்ரைமர் ஒரு கை அடித்து மூடலாம். ஆனால் உள்ளே ஈரம் வைத்து மூடினால் கறை பக்கத்தில் வழி தேடும்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்துக் கல், சுண்ணாம்புச் சுவர்கள் மூச்சு விடுபவை. மழைக்காலத்தில் உறிஞ்சிய ஈரத்தை வெயில் காலத்தில் வெளியே விடும். அதன் மேல் பட்டி பார்த்துப் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பது, வியர்க்கிற உடம்புக்கு ரெயின்கோட் மாட்டிவிடுவது போல. மூன்றாவது படத்தில் ஜன்னலுக்குக் கீழே சாயம் கொப்புளித்திருப்பது அதனால்தான். முழுச் சுவரையும் சுரண்டச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். கணப்புச் சுவரையும், வெளிச் சுவர்களின் அடிப்பகுதியில் மூன்றடி உயரத்தையும் மட்டும் சுரண்டி, சுண்ணாம்பு அடியுங்கள். மீதி, தானாக உரியும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சரி, வெள்ளை அடித்தும் ஏன் இருட்டு?

உங்கள் ஜன்னல்கள் வடக்கு பார்த்தவை. நீலகிரி ஏறத்தாழ 11 டிகிரி வடக்கில் இருப்பதால், நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்வது ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை மட்டுமே. அதிலும் பாதி நாள் மஞ்சும் மழையும். மீதி எட்டு மாதம் அந்த ஜன்னல்கள் வழியே நேர் வெயில் வராது, வானத்தின் நீலச் சாம்பல் வெளிச்சம் மட்டும்தான் வரும். தூய வெள்ளைச் சுவர் தனக்கென்று நிறம் இல்லாதது, எந்த வெளிச்சம் விழுகிறதோ அதைக் காட்டும். மஞ்சு நாளில் அது சாம்பலைக் காட்டுகிறது. சென்னையில் கண் கூசுகிற அதே வெள்ளை, மலையில் அழுக்குத் துணி மாதிரித் தெரிவது இதனால்தான். அதனால் சுண்ணாம்பில் கொஞ்சம் மஞ்சள் காவி கலக்கச் சொல்லுங்கள். பாலாடை நிறம் வந்தால் போதும், சந்தனம் வரை போக வேண்டாம். ஒரு பெரிய அட்டையில் பூசி, மஞ்சு இறங்கிய ஒரு மாலை நான்கு மணிக்குக் கணப்புப் பக்கம் சாய்த்து வைத்துப் பாருங்கள். கடையில் தரும் விரல் அகல நிறப்பட்டையைப் பார்த்து முடிவு செய்து ஏமாறாதவர் யாரும் இல்லை, நான் உட்பட.

அடுத்தது, வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பது. எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம்தான் உள்ளே உருப்படியான பகல் வெளிச்சம் இருக்கும். உங்கள் ஜன்னல் 7 அடி உயரம் வரை இருக்கிறது. 14 அடி வரை வெளிச்சம் வர வேண்டும். ஆனால் திரைச்சீலைக்கு மேலே அந்தக் காலத்து மரப்பெட்டி ஒன்று மேல் ஒரு அடிக் கண்ணாடியை அப்படியே மூடியிருக்கிறது. ஆக, 12 அடி. கணப்புச் சுவர் 18 அடியில் நிற்கிறது. அது இருட்டில்தான் இருக்கும், வேறு வழியில்லை.

அந்த மரப்பெட்டிகளைக் கழற்றுங்கள். திரைக் கம்பியை ஜன்னலுக்கு மேலே அரை அடி உயர்த்தி, இரு பக்கமும் ஒரு அடி நீட்டி மாட்டினால், திரையை விலக்கும்போது துணி சுவர் மேல் ஒதுங்கும், கண்ணாடி முழுவதும் திறந்திருக்கும். வெளியே ஜன்னல் பாதி உயரம் வரை வளர்ந்திருக்கும் வேலிச் செடியை இடுப்பளவுக்கு வெட்டுங்கள். இந்த மூன்றும் முடிந்தபின் கூடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். செலவு பெரிதாக இருக்காது.

கையில் இன்னும் பணம் இருந்தால் நான் செய்யச் சொல்வது கண்ணாடி ஓடு. நம் ஊர் ஓட்டு வீடுகளின் அடுப்பங்கரையில் பார்த்திருப்பீர்களே, அதேதான். உங்கள் கணப்புச் சுவர் தெற்கில் இருப்பதால் அதற்கு மேலே உள்ள கூரைச் சரிவும் தெற்கு பார்த்தது. அங்கே நான்கைந்து ஓடுகளை மாற்றி, அதிலிருந்து சீலிங் வரை உட்புறம் வெள்ளை அடித்த மரக்கூடு ஒன்றை இறக்கி, அடியில் பனிக்கண்ணாடி பொருத்தினால் குளிர்கால வெயில் கணப்புச் சுவரிலேயே வந்து இறங்கும். புகைபோக்கியை ஒட்டி வேண்டாம், மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள். கூட்டின் இடுக்குகளை நன்றாக அடைக்காவிட்டால் உள்ளே ஆவி படிந்து சொட்டும்.

தேக்கு சீலிங்கிற்கு வெள்ளையா? வேண்டாம். அடித்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அது கறுத்திருப்பது பெரும்பாலும் மரத்தின் நிறமல்ல, பழைய வார்னிஷும் அதில் ஒட்டிய புகையும்தான். ஒரு மூலையில் இரண்டடிக்கு வார்னிஷைச் சுரண்டி எடுத்து, பளபளப்பில்லாத மெழுகு மெருகு கொடுத்துப் பாருங்கள். தேன் நிறம் வந்தால் முழுவதும் அப்படியே செய்யலாம். உள்ளே கண்ட மரத்தையும் வைத்து ஒட்டுப்போட்டிருந்தால் மட்டும் வெள்ளையைப் பற்றி யோசியுங்கள்.

விளக்குக்கு வருகிறேன். உங்கள் இரண்டு ட்யூப்லைட்டும் சேர்ந்து சுமார் 4,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும். 468 சதுர அடி, கறுத்த சீலிங், சிவப்புத் தரை. இவை விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தாலே அதிகம். இப்படிப்பட்ட கூடத்துக்கு 10,000 லூமனாவது வேண்டும். அதற்காக இன்னும் மூன்று ட்யூப்லைட் மாட்டிவிடாதீர்கள். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று சுமார் 900 லூமன் தரும். அப்படி 11, 12 பல்புகளைப் பல உயரங்களில் பிரித்து வையுங்கள். வெளிச்சத்தின் நிறம் 2,700 அல்லது 3,000 கெல்வின், அதாவது இளமஞ்சள். நீலம் பாய்ந்த வெள்ளையான 6,500 வேண்டவே வேண்டாம், ஆஸ்பத்திரி வராந்தா அதனால்தான் வந்தது.

எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். சீலிங்கை நோக்கி விளக்கு வைத்தால் தேக்கு அதை விழுங்கிவிடும். சுவர்களை நோக்கி வையுங்கள். மனிதக் கண் ஓர் அறை வெளிச்சமா இருட்டா என்பதை எதிரே நிற்கும் சுவரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. கணப்பின் இரு பக்கமும் சுவர் விளக்கு ஒவ்வொன்று, மூலைகளில் நிற்கும் விளக்கு, நாற்காலி பக்கத்தில் படிக்கும் விளக்கு. பழைய வீட்டில் இத்தனைக்கும் ப்ளக் பாயின்ட் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைக்கும்போது எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மழையில் மரம் விழுந்து கரண்ட் போவது உங்கள் ஊரில் புதிதல்ல, நான்கு விளக்குகளை இன்வெர்ட்டரில் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

டிவி விஷயத்தில் நான் உங்கள் பக்கம், மன்னிக்கச் சொல்லுங்கள் உங்கள் கணவரை. சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கிறது. கணப்புப் பலகையே நாலரை அடி. அதற்கு மேல் டிவி என்றால் கழுத்து வலி நிச்சயம், சூடும் புகையும் டிவிக்கு ஆகாது. குறுக்குச் சுவர் ஒன்றில் மாட்டினால் ஜன்னல் வெளிச்சமும் திரையில் அடிக்காது. கணப்புக்கு மேலே ஒரு பெரிய கண்ணாடி வையுங்கள். கண்ணாடி எதிரில் இருப்பதைத்தான் இரண்டாக்கும், உங்களுக்கு எதிரில் மூன்று ஜன்னல்கள். மேல்பக்கத்தை முன்னால் சாய்த்து மாட்டிவிட்டால் தரைதான் தெரியும், சுவரோடு நேராக வைக்கவும்.

தீ எரியாத நேரத்தில் கணப்பின் வாய் ஒரு கறுப்புப் பொந்து. அங்கே ஒரு பித்தளைத் தாம்பாளத்தைச் சாய்த்து வைத்து முன்னால் இரண்டு அகல் ஏற்றினால் அந்த மூலையே மாறிவிடும். சோபாக்களைச் சுவரோடு ஒட்டாமல் கணப்பைச் சுற்றி ஏழெட்டு அடியில் ஒரு வட்டமும், ஜன்னலோரம் சின்னதாக இன்னொரு வட்டமும் போடுங்கள். கீழே வெளிர்நிறப் பவானி ஜமக்காளம் விரித்தால் சிவப்புத் தரை விழுங்கும் வெளிச்சத்தில் பாதியாவது மிஞ்சும். கணப்புக்கு மூன்றடிக்குள் எந்தத் துணியும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். செயற்கை இழைக் கம்பளம் ஒரு பொறி பட்டாலே உருகும். குஷனுக்குத் தோடர் எம்பிராய்டரி. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும், உங்கள் தரைக்கும் கணப்புக்கும் அளவெடுத்தது போல.

கடைசியாக, புகை. கணப்பு உள்ளே புகைந்தால் புதிய சுவரும் ஒரே குளிர்காலத்தில் கறுக்கும். வெட்டி ஒரு வருடம் காய்ந்த சீகை (வாட்டில்) மர விறகு வாங்குங்கள், காயாத கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகு வேண்டாம். மூட்டும் முன் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, கணப்புக்குள் புகைபோக்கியின் அடிவாயில் இரண்டு நிமிடம் பிடித்தால் உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று கிளம்பும். ஜன்னல் ஒன்றை விரல் அளவு திறந்து வையுங்கள். அப்படியும் புகைந்தால் புகைபோக்கியில் கூடோ தேன்கூடோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிருக்காகக் கரி அடுப்பை மட்டும் எந்தக் காரணத்துக்கும் உள்ளே தூக்கி வராதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பேரப்பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் அதற்கான அலாரம் ஒன்று மாட்டிவிடுங்கள்.

கூரைத் தகட்டை ஜனவரியில் முடித்தால் சுண்ணாம்பு வேலையை ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கலாம். திரைக்கம்பியையும் பல்புகளையும் அதுவரை காக்க வைக்க வேண்டாம், இந்த வாரமே மாற்றுங்கள்.