கூடத்துச் சுவர் முதலில் காயட்டும்

கேள்வி: கும்பகோணத்தில் தாத்தா காலத்து வீடு. ரேழி தாண்டியதும் வரும் சின்னக் கூடத்தை, நாலு பேர் உட்கார்ந்து பேச இதமான இடமாக மாற்ற ஆசை. சுண்ணாம்புக் காரைச் சுவர், மர உத்திரங்களின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, சிவப்புத் தரை. சில வருடம் முன்பு அடித்த பிளாஸ்டிக் பெயின்ட் மூன்றடி உயரத்துக்கு உரிந்து உதிர்கிறது. சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, ஃபால்ஸ் சீலிங் போட்டு, தரைக்கு டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இவை எல்லாமே உங்கள் வீட்டுக்குக் கெடுதல்.

தரையிலிருந்து மூன்றடி வரை மட்டும் உரிகிறது என்றால், பெரும்பாலும் மண்ணிலிருந்து ஏறும் ஈரம்தான் காரணம். பழைய செங்கலும் சுண்ணாம்பும் அந்த ஈரத்தை உறிஞ்சி, காற்றில் விட்டுவிடும். பிளாஸ்டிக் பெயின்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. வெளியேற முடியாத ஈரமும் அதில் கரைந்த உப்பும் பெயின்ட்டுக்குப் பின்னால் சேர்ந்து, பூச்சைத் தள்ளுகின்றன. மேலே சிமென்ட் பூசினால் ஈரம் இன்னும் உயரப் போகும். அடுத்த ஐப்பசி மழையில் அதற்கும் மேலே உரியும்.

முதலில் தெருப்பக்கம் போய்ப் பாருங்கள். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, தெரு உங்கள் தரை மட்டத்துக்கு மேலே வந்துவிட்டதா? சுவரை ஒட்டி யாராவது சிமென்ட் தளம் போட்டிருக்கிறார்களா? கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா? இவற்றைச் சரிசெய்யாமல் உள்ளே செலவழிப்பது வீண். பிறகு பெயின்ட்டையும் பொரிந்த காரையையும் சுரண்டி எடுத்து, உப்பைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, தை முதல் பங்குனி வரை சுவரைச் சும்மா விடுங்கள். காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். சுவர்ப் பக்கம் துளிகள் இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

ஒட்டுப் போட வேண்டிய இடத்தில் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரை மட்டுமே. அதற்கு மேல் வெள்ளை அடிக்க, கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். தண்ணீரில் போட்டு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். ஒரு நாள் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் கோந்து சேருங்கள். சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. காயக் காயத்தான் வெண்மை ஏறும். சிட்டிகை காவி கலந்தால் வரும் வெதுவெதுப்பான நிறம் மாலை வெளிச்சத்தில் அவ்வளவு அழகு. நீங்கள் தேடும் இதம் பாதி அதிலேயே வந்துவிடும்.

தரையை உடைக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். தரை வழியே போக முடியாத ஈரம் சுவரைத்தான் தேடிப் போகும். ஆசிட் ஊற்றாமல் கழுவி, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு திரும்பும். மேலே ஒரு பவானி ஜமக்காளம் போதும். மரச் சாமான்களைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

விளக்குக்கு, நடுவில் ஒரு ட்யூப் லைட் போடுவதைவிட, உட்காரும் உயரத்தில் 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் தரும் இரண்டு மூன்று விளக்குகள் நல்லது. ஒயரிங்குக்காகக் காரையை வெட்டாமல் மேலோட்டமாகக் குழாய் ஓட்டச் சொல்லுங்கள்.

கூரையை மட்டும் எதைக் கொண்டும் மறைக்காதீர்கள். ஒழுகலும் கரையானும் முதலில் தாக்குவது, உத்திரம் சுவருக்குள் நுழையும் அந்த முனையைத்தான். ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் மரம் உளுத்துப்போவது கண்ணில் படவே படாது. தச்சரை ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு முனையையும் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியான மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மொத்தென்று கேட்கும். கூடத்தில் ஊஞ்சல் மாட்டும் எண்ணம் இருந்தால், அந்த உத்திரத்தைத் தட்டிப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.