ரத்தம் ஊறுவதற்கான ஈபிஓ (எரித்ரோபொய்டின்) ஊசி விடாமல் போட்டும் அப்பாவுக்கு ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகிறது. உடம்பே அந்த ஊசியை எதிர்க்குமா?

எதிர்க்கும், ஆனால் மிக அபூர்வமாக. டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக இத்தனை வருடங்களில் ஒரே ஒருவரிடம்தான் பார்த்திருக்கிறேன். அவருக்கும் டோஸ் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தோம், நான் உட்பட. டோஸை ஏற்ற ஏற்ற ஹீமோகுளோபின் இறங்கியது.

சிவப்பணு உற்பத்தியைத் தூண்டச் சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்டின் ஹார்மோனின் நகல்தான் இந்த ஊசி. உடல் அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு ஆன்டிபாடி (எதிர்ப்புப்பொருள்) உண்டாக்கினால், அது ஊசி மருந்தோடு நிற்பதில்லை. உடலில் மிச்சம் சுரக்கும் சொந்த ஹார்மோனையும் முடக்கிவிடும். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தி கிட்டத்தட்ட நின்றுபோகும். வாரத்துக்கு ஒரு கிராம் அளவுக்குக்கூட ஹீமோகுளோபின் சரியும். வெள்ளையணுவும் தட்டணுவும் மட்டும் வழக்கம்போலவே இருக்கும். உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஏறும், ஏனென்றால் இரும்பைச் செலவழிக்க ஆள் இல்லை.

1998-இல் ஐரோப்பாவில் விற்ற ஒரு ஈபிஓ மருந்தில், அது கெடாமலிருக்கச் சேர்த்திருந்த ஆல்புமின் என்ற புரதத்தை எடுத்துவிட்டு பாலிசார்பேட் 80 என்ற வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு, தோலுக்கடியில் ஊசி போட்டுக்கொண்ட சிறுநீரக நோயாளிகளிடம் இது திடீரென்று அதிகமானது. 2002-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் 13 நோயாளிகளைப் பற்றி எழுதியபோதுதான் விஷயம் பெரிதாகப் பேசப்பட்டது. நரம்பு வழியாகப் போடச் சொன்னதும், ஊசிக்குழாயின் ரப்பர் மூடியை மாற்றியதும் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ரப்பரிலிருந்து கசிந்த பொருளா, வேறு எதுவுமா என்ற விவாதம் அப்புறமும் ஓயவில்லை.

இது உறுதியானால் ஊசியை நிறுத்தியாக வேண்டும். பிராண்டை மாற்றிப் பயனில்லை, இதே வகை ஊசியான டார்பெபொய்டினையும் அதே ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும். ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் போன்ற நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் தருவார்கள். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களில் பலருக்கு இது சரியாகிவிடுகிறது. நடுவில் ரத்தம் ஏற்றாமல் முடியாது. ஆனால் ஏற்றும் ரத்தமே வேறு ஆன்டிபாடிகளைக் கிளப்பி, பின்னால் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கலாம். அப்பா மாற்று அறுவைக்குக் காத்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, பயப்படும் முன் ஒன்று. பெரும்பாலும் காரணம் இரும்புச்சத்துக் குறைவு, கிருமித்தொற்று, எங்காவது ரத்தக்கசிவு, விட்டுப்போன ஊசி, இவைதான். ஆரம்பத்திலிருந்தே ஊசி வேலை செய்யவில்லை என்றால் நான் சொன்ன பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு. பல மாதம் நன்றாகக் கேட்டுவிட்டுப் பிறகு சரிவதுதான் இதன் போக்கு.

அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது ரெட்டிகுலோசைட் (புதிதாக உண்டான இளம் சிவப்பணு) எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள். மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். நன்றாக இருந்தால் இந்தப் பதிலை மறந்துவிடலாம்.