தாய்மாமனைப் பற்றிப் பேசாத வீடு

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறோம். 'என்கான்டோ' குடும்பத்தோடு பார்க்கிற சிரிப்புப் படம் என்கிறார்கள். பிள்ளைக்குப் போட்டுக் காட்டலாமா? – ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: தாராளமாகக் காட்டுங்கள். என் பையனுக்கு 7 வயது, அவன் புண்ணியத்தில் நான் நாலு தடவை பார்த்தாயிற்று. ஆனால் சிரிப்புப் படம் என்று உங்களிடம் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள்.

2021-ல் வந்த டிஸ்னி படம், கதை நடப்பது கொலம்பியாவில். ஒரு பாட்டி, அவருக்கு ஒரே பிரசவத்தில் பிறந்த 3 பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று எல்லோரும் ஒரே பெரிய வீட்டில் இருக்கிறார்கள். (மாப்பிள்ளைகள் ரெண்டு பேரும் வீட்டோடு மாப்பிள்ளை. நம் பக்கத்துப் பெருசுகள் இதற்கே முகம் சுளிக்கும்.) அந்த வீட்டில் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரம் உண்டு, 15 வயது மிராபெல்லுக்கு மட்டும் இல்லை. அவளுடைய அக்கா லூயிசா கழுதைகளை மூட்டை மாதிரித் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடப்பதையும், அப்பா தேனீ கொட்டி முகம் வீங்கி வந்து நிற்பதையும் பார்த்து என் பையன் பட்டாலையில் உருண்டு உருண்டு சிரித்தான்.

அப்புறம் புரூனோ வந்தார், சிரிப்பு நின்றது. புரூனோ மிராபெல்லுக்குத் தாய்மாமன். நடக்கப்போவதைச் சொல்லிச் சொல்லியே எல்லோருக்கும் வேண்டாதவராகி, வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று மற்றவர்கள் நினைக்க, அதே வீட்டுச் சுவருக்குப் பின்னால் எலிகளோடு ஒளிந்து கிடக்கிறார். குடும்பம் சாப்பிடும் அறைக்கு அந்தப் பக்கம், சுவர் ஓரமாக ஒரு பலகையில் தனக்கென்று ஒரு தட்டை வரைந்து, அதில் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். விரிசல் வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டே, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி. சில நொடிதான் வரும் காட்சி, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பையன் மெதுவாக, "அப்பா, நம்ம வீட்டுச் சுவத்துக்குள்ளயும் யாராவது இருக்காங்களா?" என்றான். எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுப் பங்காளிக் குடும்பங்களுக்குச் சொந்தமான வீடு எங்களுடையது. ரெண்டாங்கட்டில் ஒரு சுவர் வெடித்துக் கிடக்கிறது, கொத்தனாரை யார் கூப்பிடுவது, காசை யார் கொடுப்பது என்று மூணு வருஷமாகப் பேச்சு, அதிலேயே இப்போது பேச்சு நின்றுபோன ஒரு பங்காளியும் உண்டு. பிள்ளைக்கு என்ன பதில் சொல்ல? எலிதான் இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

பாட்டியை வில்லி என்று நினைத்துவிடாதீர்கள். பேத்தியிடம் அவர் கடுகடுவென்று பேசும்போது நானும் கோபப்பட்டேன், தூணில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்த என் அம்மாதான், "அவளும் என்ன செய்வா, ஆம்பளையப் பறிகொடுத்துட்டு மூணையும் ஒத்தையா வளத்தவல்ல" என்றார். தாத்தா ஆற்றங்கரையில் சாகிற அந்த இடத்தில் ரத்தமோ சத்தமோ இல்லை, ஆனாலும் உங்கள் மகள் கையைப் பிடித்துக்கொள்வாள், பக்கத்தில் இருங்கள். புரூனோவின் கோபுரம் வரும் இருட்டுக் காட்சிக்கும்தான்.

எனக்கு ஒரு குறை உண்டு. வீடு இடிந்து விழுகிறது, பாட்டி மனம் மாறுகிறார், ஊரே கூடி ஒரே பாட்டில் வீட்டைக் கட்டி முடித்துவிடுகிறது! நாங்கள் ஒரு சுவருக்கே மூணு வருஷம்.

கேள்வி: கூட்டுக் குடும்பம் என்றாலே கஷ்டம்தான் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடாதா? – ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: பதியாது. பாட்டி முகம் கோணக் கூடாதே என்று ஆளாளுக்கு நடிப்பதுதான் அந்த வீட்டில் கஷ்டம், சேர்ந்து இருப்பது இல்லை. நகரத்தார் வீடுகளில் கல்யாணமானதும் மகனையும் மருமகளையும் 'வேறு வைத்து', அதே வளவில் தனி அடுப்பு மூட்டிக் கொடுத்தார்களே, எதற்கு? ஒரே கூரை, ஆனால் உன் உலை உனக்கு. இந்த ஏற்பாடு அந்தப் பாட்டிக்குத் தெரிந்திருந்தால் படம் அரைமணியில் முடிந்திருக்கும்.

கேள்வி: பாட்டெல்லாம் எப்படி? – ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: 'புரூனோவைப் பற்றிப் பேசுவதில்லை' என்று குடும்பமே சேர்ந்து பாடும் பாட்டு 2022-ல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது, எங்கள் வீட்டில் இன்னும் இறங்கவில்லை. போன வாரம் என் மைத்துனர் பை நிறையப் பலகாரத்தோடு முகப்பில் வந்து நிற்கிறார், பையன் தாய்மாமனைச் சுற்றிச் சுற்றி ஓடி அதையே பாடுகிறான். நல்லவேளை, அவர் இன்னும் படம் பார்க்கவில்லை.