பெரும் காயத்துக்குப் பிறகும் இசையிலோ விளையாட்டிலோ உச்சத்தை எட்டியவர்கள் உண்டா?

உண்டு. ஜாஸ் கிதாரில் ஜாங்கோ ராய்ன்ஹார்ட், பனி ஹாக்கியில் சார்லி பர்ன்ஸ் ஆகிய இருவரும் என் மதிப்பில் மிகத் தெளிவான சான்றுகள்.

1910-இல் பெல்ஜியத்தில், ஐரோப்பிய நாடோடி இனமான ரோமா குடும்பமொன்றில் பிறந்த ஜாங்கோ, 1928-இல் பாரிஸ் அருகே தாம் வசித்த வண்டிவீடு தீப்பற்றியபோது கடுமையாகக் காயமுற்றார். இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் வளைந்து இறுகிவிட்டன. தந்திகளை அழுத்தும் கையே அது என்பதால் பழைய விரல்முறை உதவவில்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டுமே கொண்டு, கிதாரின் கழுத்து நீளம் முழுக்க மேலும் கீழும் விரைந்தோடும் தனிவாசிப்பை அவர் புதிதாக உருவாக்கினார். முடங்கிய விரல்களைச் சில கார்டுகளுக்கு (பல சுரங்களை ஒருசேர ஒலிப்பதற்கு) மட்டும் பயன்படுத்தினார். 1934-இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் அவர் தொடங்கிய பாரிஸ் ஐவர் குழுவில் டிரம்ஸே கிடையாது; தாளத்தை இரண்டு துணை கிதார்களும் பாஸ் என்ற தாழ்சுரத் தந்திக் கருவியும் தாங்கின. ஐரோப்பாவில் பிறந்து அமெரிக்க ஜாஸ் கலைஞர்களையே ஈர்த்த முதல் பெரும் குரல் அவருடையது என்பேன். 1946-இல் புகழ்பெற்ற ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனுடன் அமெரிக்காவில் வாசித்த அவர், 1953-இல் 43 வயதில் மறைந்தார்.

டெட்ராய்ட்டில் பிறந்த பர்ன்ஸுக்கு இளையோர் ஆட்டக் காலத்திலேயே மண்டையோடு உடைந்து, உலோகத் தகடு பொருத்தப்பட்டது. தலைக்கவசம் அரிதாக இருந்த அக்காலத்தில் அதை அணிந்தபடியே 1958-இல் கனடாவுக்காக உலகப் பட்டம் வென்று, வட அமெரிக்காவின் முதன்மைப் பனி ஹாக்கித் தொடரான என்எச்எல் லீகிலும் நுழைந்தார். 1969-70 பருவத்தின் நடுவே மின்னசோட்டா நார்த் ஸ்டார்ஸ் அணியின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றும் களத்தில் ஆடினார். அந்த லீகின் கடைசி ஆட்டக்காரர்-பயிற்சியாளர் அவரே.