நர்ஸ் அக்கா பதில்கள்: தோலுக்கு வச்ச மீட்டர்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல கரப்பான் (எக்ஸிமான்னு சொல்றது), அரிப்பு, அப்புறம் தோல்ல வச்சு நம்பர் சொல்ற மெஷின் பத்தித்தான். அதனால தலைமுடி கேள்விகள அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, என் மகனுக்கு 4 வயசு, முழங்கை மடிப்புலயும் முட்டிக்குப் பின்னாலயும் எக்ஸிமா. போன வாரம் மால்ல ஒரு ரோட்ஷோல பேனா மாதிரி ஒண்ண அவன் கையில வச்சு "ஸ்கின் பேரியர் 32தான் இருக்கு, ரொம்ப வீக்"னு சொன்னாங்க. க்ரீம் தடவி திரும்ப வச்சா 61. அந்த க்ரீம் விலை 180 வெள்ளி. வாங்கலாமா? (செந்தூல் வாசகி)

பதில்: வேண்டாம்மா. அந்த மாதிரி பேனா மெஷினெல்லாம் பெரும்பாலும் தோலோட மேல்பரப்புல எவ்ளோ ஈரம் இருக்குன்னு மட்டும்தான் பாக்கும், லேசான கரண்ட வச்சு கணக்கு போடும், ஈரம் இருந்தா நம்பர் ஏறும், அவ்ளோதான். நெறைய க்ரீம்ல பாதிக்கு மேல தண்ணிதான், தடவின கையோட வச்சா ஏறாம என்ன செய்யும், ஈர டிஸ்யூவால தொடச்சிட்டு வச்சிருந்தாலும் ஏறியிருக்கும். பாசார்ல மீன் தராச விரலால அமுக்கிட்டு நிறை கூடிருச்சுன்னு சொல்ற கதைதான் இது.

ஸ்கின் பேரியர்னு சொல்ற தோலோட காவல் நல்லா இருக்கான்னு பாக்கணும்னா உள்ளேருந்து எவ்ளோ தண்ணி ஆவியா வெளிய கசியுதுன்னு பாக்கணும். வேர்வை வேற, இது வேற. வேர்க்காம சும்மா உக்காந்திருந்தாலும் எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியாம கசிஞ்சுகிட்டேதான் இருக்கும், அத அதிகம் போக விடாம தடுக்குறது தோலோட ஆக மேல் அடுக்கு, கையில அது ஒரு முடியோட தடிமன் கூட இருக்காது. டாக்டருங்க இந்தக் கசிவ டி.இ.டபிள்யூ.எல்.னு சொல்வாங்க. அளக்குற கருவி ஒரு சின்ன குழாய், அத தோல் மேல வச்சா உள்ள மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு இருக்குற சென்சாருங்க ரெண்டு உயரத்துலயும் ஈரப்பதம் எவ்ளோ வித்தியாசம்னு பாத்து கணக்கு சொல்லும். 1970கள்ல ஸ்வீடன்ல உருவான முறை, இன்னைக்கும் ஆராய்ச்சிகள்ல இதான் அடிப்படை. ஒரு சதுர மீட்டர் தோல்லேருந்து ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கிராம்னு வரும். நல்ல தோலா இருந்தா முன்னங்கைல சுமாரா 10 கிராம் இல்லன்னா அதுக்குக் கீழ, எக்ஸிமா பொங்கி நிக்குற இடத்துல அது ரெண்டு மூணு மடங்கு தாராளமா போகும். "பேரியர் 32"ன்னு சொல்லி வித்தாங்களே, அதுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்ல.

இன்னொரு விஷயம், எக்ஸிமா பிள்ளைங்களுக்கு வாரத்துக்கு 250 கிராம் மாய்ஸ்சரைசர் கூட தேவைப்படும். 180 வெள்ளி குடுத்து வாங்குனா யாருக்கும் அப்படி அள்ளிப் பூச மனசு வராது, பட்டாணி அளவு தொட்டு வைப்பீங்க. அந்தக் காசுக்கு வாசனை போடாத சாதா மாய்ஸ்சரைசர் பெரிய டப்பாவா வாங்கி வச்சு தாராளமா பூசுங்க.

கேள்வி: தங்காச்சி மகள ஒரு எக்ஸிமா ஆராய்ச்சியில சேத்திருக்கோம். காலையில க்ரீம் போடக்கூடாதாம், வந்ததும் ஏர்கோன் ரூம்ல சும்மா உக்கார வைக்கிறாங்க, அதுலயே நேரம் போகுது. தண்ணிக் கசிவு நம்பர் மொதல்ல 24 இருந்துச்சாம், இப்ப 15. இது நல்லதா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: உக்கார வைக்கிறாங்கன்னு கடுப்பாகாதீங்க சார், அவங்க ஒழுங்கா செய்றாங்கன்னு அர்த்தம். பிள்ளைய வெயில்ல ஃபெர்ரில கூட்டிட்டு வந்து எறங்குன கையோட மெஷின வச்சா அது வேர்வையத்தான் அளக்கும். ரூம் 20லேருந்து 22 டிகிரிக்குள்ள, ஈரப்பதம் 40லேருந்து 60 சதவீதத்துக்குள்ள இருக்கணும், கைய தொறந்து வச்சு குறைஞ்சது 15, 20 நிமிஷமாவது ஆறணும்னு விதி இருக்கு. நம்ம ஊர்லதான் வெளிய ஈரப்பதம் 80 சதவீதம் சர்வசாதாரணமா இருக்கே, காத்துல அவ்ளோ ஈரம் இருந்தா தோல்லேருந்து ஆவி போறதும் குறையும், நம்பரும் பொய்யா கீழ வரும். ஏர்கோன் காத்து நேரா கை மேல அடிச்சாலும் தப்பா காட்டும், பிள்ளை அழுதாலும் தப்பு. நான் பினாங்குல ஸ்கின் க்ளினிக்ல இருந்தப்ப அளக்க ஆரம்பிச்சதும் அழற பிள்ளைங்கள பாத்திருக்கேன், அன்னைக்கு வர்ற நம்பர எழுதவே மாட்டோம்.

க்ரீம் போடக்கூடாதுன்னு சொல்றதும் அதுக்குத்தான். தண்ணியான க்ரீமுன்னா அதுல இருக்குற தண்ணி ஆவியாகி நம்பர கூட்டிக் காட்டும். வாஸ்லின் மாதிரி களிம்புன்னா தோல் மேல மூடி போட்டு நம்பர குறைச்சுக் காட்டும், உள்ள தோல் ஆறியிருக்காது.

24லேருந்து 15ன்னா, அதே இடம், அதே மெஷின், அதே மாதிரி ரூம்னா நல்ல செய்திதான். வேற ஆஸ்பத்திரி மெஷின்ல எடுத்த நம்பரோட ஒப்பிடாதீங்க, மெஷினுக்கு மெஷின் மாறும், முன்னங்கை நம்பரும் உள்ளங்கை நம்பரும் கூட ஒண்ணா இருக்காது, நல்ல தோலுக்கே உள்ளங்கைல கசிவு ஜாஸ்தி. ஸ்டீராய்டு களிம்பு போட்டு வீக்கமும் சிவப்பும் அடங்குனாலும் இந்த நம்பர் இறங்கும், அதனால "ஸ்டீராய்டு தோல கெடுத்துரும்"னு பயந்து டாக்டர் சொன்னத பாதில நிறுத்திராதீங்க.

கேள்வி: இந்த மெஷின் எந்த சாப்பாடு அலர்ஜின்னு சொல்லுமா? (ஆயர் ஈத்தாம்)

பதில்: சொல்லாது. அதுக்கு ஊசியால தோல்ல லேசா குத்திப் பாக்குற டெஸ்ட், ரத்த டெஸ்ட்டு எல்லாம் தனி, அதுலயும் பாசிட்டிவ் வந்தாலே அலர்ஜின்னு முடிவு பண்ணிர முடியாது.

கேள்வி: மாமியார் கரப்பானுக்கு கருவாடு, கத்திரிக்காய், நண்டு எதுவும் ஆகாதுன்னு நிறுத்திட்டாங்க, தேங்காய் எண்ணெய்தான் தடவணுமாம். க்ளினிக்ல குடுத்த அக்வியஸ் க்ரீம் எரியுதுன்னு பிள்ளை கத்துறா. (பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி)

பதில்: எண்ணெய் விஷயத்துல மாமியார் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கு! ஃபிலிப்பைன்ஸ்ல எக்ஸிமா பிள்ளைங்களுக்கு சுத்தமான வர்ஜின் தேங்காய் எண்ணெய் தடவிப் பாத்து 2014ல எழுதியிருக்காங்க, மினரல் ஆயில விட தண்ணிக் கசிவும் எக்ஸிமாவோட கடுமையும் நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா மூலிகை, வாசனை கலந்த எண்ணெய் வேண்டாம். ஒலிவ் எண்ணெயும் வேண்டாம், அது தோலோட காவல கெடுக்குதுன்னு 2013ல இங்கிலாந்துல பாத்திருக்காங்க.

அக்வியஸ் க்ரீம்ல சோடியம் லாரில் சல்ஃபேட்டுன்னு நுரைக்கிற சரக்கு ஒண்ணு இருக்கும், ஷாம்புல போடுவாங்களே அதேதான். தடவி அப்படியே விட்டா தோல் மெலிஞ்சு கசிவு கூடுதுன்னு அளந்தே காட்டியிருக்காங்க, 2013ல பிரிட்டன் மருந்துத் துறையே எரிச்சல் வரலாம்னு எச்சரிச்சிருக்கு. குளிக்கும்போது சோப்புக்குப் பதிலா தேச்சு கழுவிட வேணா வச்சுக்கலாம், எரியுதுன்னா அதுவும் வேண்டாம். அடுத்த தடவ க்ளினிக் போறப்ப எரியுதுன்னு சொல்லி வேற கேளுங்க, கேட்டா மாத்திக் குடுப்பாங்க.

சாப்பாட மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. வளர்ற பிள்ளை. சாப்பிட்டதும் தடிப்பு, வாந்தி, வாய் வீக்கம்னு எதாச்சும் வந்திருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கேள்வி: எனக்கும் வீட்டுக்காரருக்கும் எக்ஸிமா. அடுத்த மாசம் டெலிவரி. பொறந்ததும் அளந்து பாத்து க்ரீம் போட்டா வராம தடுக்கலாமா? (கெப்போங் வாசகி)

பதில்: நல்லபடியா பெத்தெடுங்கம்மா. அயர்லாந்துல கோர்க் நகரத்துல பொறந்த ரெண்டாவது நாளே பாப்பாங்களுக்கு அளந்தாங்க, கசிவு கூட இருந்த பிள்ளைங்களுக்கு ஒரு வயசுல எக்ஸிமா வந்தது அதிகமா இருந்துச்சு. சரி அப்ப மொதல்லேருந்தே க்ரீம் போட்டா தப்பிச்சரலாமேன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க, ஆனா 2020ல ரெண்டு பெரிய சோதனை முடிவு வந்துச்சு, பிரிட்டன்ல ஒண்ணு நோர்வே ஸ்வீடன்ல ஒண்ணு, ரெண்டுலயும் தடுக்கல. பிரிட்டன்ல க்ரீம் போட்ட பிள்ளைங்களுக்கு தோல் இன்ஃபெக்‌ஷன் கொஞ்சம் அதிகமாவும் வந்துச்சு. அதனால வறண்டா பூசுங்க, வராம தடுக்கன்னு பூச வேண்டாம்.

கேள்வி: மெஷின் இல்லாம வீட்டுல எப்படித்தான் பாத்துக்கறது? (பலர்)

பதில்: போயம்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்காரங்க செஞ்சது. போன ஏழு நாள்ல எத்தன நாள் அரிப்பு, எத்தன ராத்திரி தூக்கம் கெட்டுச்சு, ரத்தம், நீர் வடியறது, வெடிப்பு, தோல் உரியறது, வறட்சின்னு ஏழு கேள்வி. ஒரு நாளும் இல்லன்னா 0, ஒண்ணு ரெண்டு நாள்னா 1, மூணு நாலு நாள்னா 2, அஞ்சு ஆறு நாள்னா 3, தினமும்னா 4. கூட்டுனா 28க்குள்ள வரும். 2 வரைக்கும் கிட்டத்தட்ட இல்லன்னு அர்த்தம், 3லேருந்து 7 லேசு, 8லேருந்து 16 நடுத்தரம், 17ம் அதுக்கு மேலயும் போனா கடுமை. வாரத்துக்கு ஒரு தடவ எழுதி, எந்த களிம்பு எவ்ளோ பூசுனீங்கங்கறதையும் பக்கத்துல குறிச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆனா காய்ச்சலோட திடீர்னு வலிக்கிற மாதிரி சின்னச் சின்ன கொப்புளம் கூட்டமா வந்துச்சுன்னா எழுதிகிட்டு உக்காராதீங்க, அது ஹெர்பீஸ் கிருமியா இருக்கலாம், அன்னைக்கே எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போங்க.